எச்சிலில் ஒரு நூல்

இவர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். எதிர்க் கட்டிலுக்கு நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்த பெரியவருடைய மருமகன், தாராபுரத்துக்காரராம், பாவம், முகம் கழுவித் துண்டில் துடைத்துக்கூட முடிக்கவில்லை, அதற்குள் இவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாயிற்று. "ரோபோங்க, முழுக்க முழுக்க ரோபோ." ரோபோ என்னவோ எங்கள் வீட்டில் பிறந்து எங்கள் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை மாதிரி. "நாலு கைங்க அதுக்கு. ஒரு கையில கேமரா. மனுசக் கை போகாத எடத்துக்கெல்லாம் போகுமுங்க. எம்பட சம்சாரத்துக்குக் கழுத்து நிமிராதுங்க, முதுகெலும்பு அப்படியே ஒட்டிக்கிச்சு, அதனால எந்த டாக்டரும் தொட மாட்டேன்னுட்டாங்க. கடைசில இந்த ரோபோதானுங்க..." போதுமுங்க, அந்த மனுசன் ஒரு வாய் காபியாவது குடிக்கட்டுமுங்க என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. நாக்கு வாய்க்குள்ளே ஊறின பணியாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை வாயைத் திறந்து நர்ஸிடம் ஈரத்துணி கேட்டேன். அவள் பெட்பேன் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். பேசலாம், பேசப் பேசத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடப்பவன் பேசுவது போல ஒரு குரல் என் வாயிலிருந்து வருவதை நானே கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் அத்தனை பவர் தையல் மிஷின் ஒன்றாக ஓடுகிற சத்தத்துக்கு மேலே என் குரல் கடைசி டேபிள் வரைக்கும் போகும். துளசியக்கா கத்தினால் பாபின் தானாக நின்றுவிடும் என்பார்கள் பிள்ளைகள். அந்தக் குரலுக்கு இப்போது பெட்பேன் கொண்டு வந்து வைக்கிறார்கள். சரி, அதுவும் கிடக்கட்டும். இப்போது தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிற அந்த டிஷ்யூ காகிதத்தை என்ன செய்வது. அதைச் சொல்லு.

நூல் மாதிரிதான் இருந்தது. விடிந்ததும் எச்சிலைத் துடைத்துப் பார்த்தேன், எப்போதும் வருகிற வெள்ளைக் கோழைக்கு நடுவில் சிவப்பாக ஒரே ஒரு இழை. நாற்பதாம் நம்பர் நூலை விடவும் மெலிசு. வாய் கொப்புளிக்கிற மருந்தாக இருக்கலாம், அது ரோஸ் கலர்தானே. ஆனால் அந்த மருந்தை நேற்றே நிறுத்திவிட்டார்கள். மூக்கில் சொருகியிருக்கிற சாப்பாட்டுக் குழாய் உரசியிருக்கலாம். ஆனால் மூக்கில் எரிச்சல் இல்லை. உதடு வெடித்திருக்கலாம். உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், வெடிக்கவில்லை. ரோஸும் சிவப்பும் எனக்கு மாறாது. சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியில் ஒரு மங்கல் வித்தியாசம் இருந்தால் லாட்டையே திருப்பி அனுப்புகிறவள் நான். அது ரத்தம். ரத்தம் என்று தெரிந்ததும் கை தானாகக் காகிதத்தை நாலாக மடித்தது, எட்டாக மடித்தது, தலையணைக்கு அடியில் தள்ளியது. இவர் அப்போது ஜன்னல் பக்கம் நின்று மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா சூப்பரா இருக்காடா. இன்னைக்கு விழுங்கற டெஸ்ட்டு. தண்ணி குடிச்சுருவா பாரு." குடிச்சுருவா. இன்றைக்குக் காலை முடிவதற்குள் அந்த விழுங்கப் பழக்குகிற பெண் வருவாள், ரூபிணி, ஒரு ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பாள், அது சரியான வழியில் போனால் இந்தக் குழாயைக் கழற்றிவிடுவார்கள். எத்தனை நாளாக இந்த ஒரு ஸ்பூன் தண்ணீரை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். ரத்தம் என்று சொன்னால் அந்த ஸ்பூன் போய்விடும். ஸ்பூன் மட்டும் போனால் பரவாயில்லையே.

டாக்டர் சம்பத் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறக்கிற மாதிரியா சொன்னார். "துளசிமணி அம்மா, நல்லா கேட்டுக்குங்க. நாக்கு வேர்ல வெட்டின எடம் ஆறுற வரைக்கும் ரத்தம் வர வாய்ப்பு இருக்கு. துளி வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லணும். மத்தவங்களுக்கு ரத்தம் வந்தா கழுத்துல ஒரு ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி பண்ணிருவோம். உங்களுக்குத் தாடை நெஞ்சுல படிஞ்சு கிடக்கு, ஓட்டை போட எடமே இல்ல." என் முழங்காலைப் பார்த்துத்தான் நான் இதைக் கேட்டேன். வேறு எதைப் பார்ப்பது. எனக்குத் தெரிகிற உலகம் எல்லோருடைய இடுப்புக்குக் கீழேதான். டாக்டர்களை நான் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். சம்பத் என்றால் கறுப்பு ஷூ, லேஸ் எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்திருக்கும். மயக்க டாக்டர் ஷெரின் என்றால் பச்சை ரப்பர் செருப்பு. நர்ஸ்கள் எல்லோரும் வெள்ளை. இவர் பிரௌன் செருப்பு, வலது கால் தேய்ந்தது. அந்தப் பிரௌன் செருப்பு இப்போது தாராபுரத்துச் செருப்புக்கு எதிரே ஆடிக்கொண்டிருக்கிறது. "படுக்கவே வைக்க முடியலைங்க இவள. மொத ஆஸ்பத்திரில கரண்ட் வைக்கலாம்னாங்க..." சொல்லாதீங்க. அதைச் சொல்லாதீங்க. சொல்லிவிடுவார்.

சொல்லிவிட்டார். அந்த முதல் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைப்பதற்கு, அதாவது ரேடியேஷனுக்கு, முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்ய வேண்டும், அதற்கு மல்லாக்கப் படுக்க வேண்டும் என்று இரும்புப் பலகையில் ஏற்றினார்கள். "நேரா படுங்கம்மா." படுத்தேன். முதுகு பட்டது, தலை படவில்லை. தலை பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. "தலையைக் கீழ போடுங்கம்மா." போடுவதற்கு அது என்ன பையா. "கொஞ்சம் ரிலாக்ஸா விடுங்க." ஒருவன் நெற்றியில் கையை வைத்து அமுக்கவே ஆரம்பித்துவிட்டான். கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கை காலை ஆட்டிக் கத்தினேன். இருபத்தாறு வயதிலிருந்து இதே பாட்டு. மகள் பிறந்த பிறகு காலையில் எழுந்தால் முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும். மாமியார் சோம்பேறித்தனம் என்றார். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒருவன் எண்ணெய் போட்டு மிதித்தான், காசி வரைக்கும் கேட்டிருக்கும் நான் போட்ட சத்தம். வாயு என்றார்கள், சூடு என்றார்கள், கிரகம் என்றார்கள். கடைசியாக ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உங்க முதுகெலும்பு மூங்கிலாட்டம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வருதும்மா" என்று சொன்னபோது கழுத்து ஏற்கெனவே பாதி குனிந்துவிட்டிருந்தது. மீதியும் குனிந்தது. மாத்திரை வலியைக் குறைத்தது, குனிந்ததை நிமிர்த்தவில்லை. கம்பெனியில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை, அங்கே எல்லோரும் குனிந்துதானே இருக்கிறார்கள். வெளியே வந்தால்தான். பஸ்ஸில் ஏறினால் என்னைவிட வயதான பொம்பளை எழுந்து இடம் கொடுப்பாள். மகள் கல்யாணத்தில் அந்தப் போட்டோக்காரன், "அம்மா கொஞ்சம் மேல பாருங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மகள் அவனை, "அண்ணா, நீங்க வேணா கீழ உக்காந்து எடுங்க" என்று அதட்டினாள். உட்கார்ந்து எடுத்தான். அந்த ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில்தான் எனக்கு முகம் இருக்கிறது. மீதி எல்லாவற்றிலும் வகிடு.

எச்சில் ஊறுகிறது. விழுங்கக் கூடாது. துப்ப வேண்டும். துப்பினால் பார்க்க வேண்டும். பார்க்காமல் துப்பிக் கூடையில் போட்டால் என்ன. நூல்தானே. ஒரே ஒரு நூல். ஆறுகிற புண்ணில் ஒரு நூல் வராதா, முழங்காலில் அடிபட்டால் பொருக்குக்குப் பக்கத்தில் கசியாதா. கசியும். முழங்காலில் கசிந்தால் யாரும் மூச்சடைத்துச் சாவதில்லை. டாக்டர்கள் எல்லோரும் கேட்டார்கள், வெற்றிலை போடுவீங்களாம்மா, பாக்கு, புகையிலை, ஹான்ஸ் ஏதாவது? இல்லை. வீட்டுக்காரர் சிகரெட்? இல்லை. பின்னே எப்படி வந்தது? அதை நான்தான் உங்களிடம் கேட்கணும். காதுக்குள் வலி வந்தது, சோறு ஒரு இடத்தில் நின்று நின்று போனது, உப்புத் தண்ணீர் கொப்புளியுங்கள் என்று அனுப்பினார்கள், அந்த உப்பில் ஒரு மூட்டை கருவாடு போட்டிருக்கலாம். வாயைத் திறங்க, தலையைத் தூக்குங்க. தூக்க வராதுங்க. அப்ப பாக்க முடியாதும்மா. பார்க்க முடியாது என்பதற்காக அது வளராமல் இருந்ததா. நாக்கு வேரில் கோலிக்குண்டு அளவுக்குக் கேன்சர் கட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஆஸ்பத்திரியில் தாடையை நடுவில் பிளந்து கதவு மாதிரித் திறந்துதான் எடுக்க முடியும் என்றார்கள், அதற்கும் தலையைப் பின்னால் சாய்த்தாக வேண்டும், உங்கள் கழுத்தைச் சாய்த்தால் உடைந்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம் என்றார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எல்லாமே வேண்டாம் என்றார்கள். திரும்பி வரும்போது அவிநாசி ரோடு சிக்னலில் இவர் வண்டியை நிறுத்தினார், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை, பின்னால் அத்தனை ஹாரன். அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசுகிறார் பாருங்கள், அந்த மௌனத்துக்கும் சேர்த்து.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் மேல் மாடி ஆபரேஷன் தியேட்டர். மறுபடியும் முழித்துக்கொண்டே குழாய். மற்றவர்களுக்கு மயக்கம் கொடுத்துத் தூங்க வைத்த பிறகு தொண்டைக்குள் மூச்சுக் குழாயை விடுவார்களாம். எனக்கு அப்படி முடியாது, தூங்கினபின் கழுத்து நிமிராவிட்டால் வழியே தெரியாது. அதனால் நான் முழித்திருக்கும்போதே, உட்கார்ந்த வாக்கிலேயே, மூக்கு வழியாக. கசப்பு மருந்தை அடித்து அடித்துத் தொண்டையை மரத்துப்போக வைத்தார்கள். மரத்துப் போனபின் விழுங்குகிறோமா இல்லையா என்றே தெரியவில்லை, தொண்டை என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை, முங்கிப்போகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். கறுப்பாக ஒரு வயர் மூக்கில் ஏறிப் பின்னால் இறங்கியது. கையைத் தூக்கித் தட்டிவிடப் போனேன். அப்போது பச்சை ரப்பர் செருப்பு மடங்கியது. ஷெரின் தரையில் குந்தி உட்கார்ந்து கீழேயிருந்து என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருசத்தில் எந்த டாக்டரும் அப்படி உட்கார்ந்தது கிடையாது, எல்லோரும் என் வகிட்டிடம்தான் பேசுவார்கள். "சேச்சி, என்னெ நோக்கு. என்னைப் பாருங்க. மூச்சு இழுங்க. நல்லா. இப்ப விடுங்க. ஞான் இவிடத்தன்னே உண்டு, இங்கதான் இருக்கேன்." பாதி மலையாளம், பாதி தமிழ். அந்தப் பெண்ணின் மூக்கில் ஒரு மச்சம் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன். அதன்பின் குழாய் உள்ளே போனது. போனபோது வந்த இருமல் இன்னும் நெஞ்சுக்குள் எங்கேயோ மிச்சம் இருக்கிறது. இன்னொரு தடவை முடியாது. யார் குந்தி உட்கார்ந்தாலும் முடியாது.

இவர் சொல்கிற ரோபோவை நானும்தான் பார்த்தேன். புதுசாக வாங்கின பிரிட்ஜ் மாதிரி கையெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு ஓரமாக நின்றது. ஆபரேஷனுக்கு முந்தி ஒரு மத்தியானம் முழுக்க என்னை மேசையில் ஏற்றி, மயக்கமே கொடுக்காமல், எப்படிப் படுக்க வைக்கலாம் என்று ஒத்திகை பார்த்தார்கள். போர்வையைச் சுருட்டி முதுகுக்கு, தலையணை தலைக்கு, இன்னொன்று, இன்னொன்று, கால் பக்கத்தை மேலே தூக்கி மேசையையே சாய்த்தார்கள். இங்க வலிக்குதா, இங்க. கடைசியில் என் உடம்பு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே மேசையை வளைத்துவிட்டார்கள். என்னை யாரும் அமுக்கவில்லை. அதை நான் இவரிடம் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் அதையும் தாராபுரம் வரைக்கும் கொண்டு போயிருப்பார். ஆபரேஷன் அன்றைக்கு சம்பத் மூலையில் அந்த ரோபோவை ஓட்டுகிற பெட்டி முன்னால் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வெறும் சாக்ஸோடு பெடல் மேல் காலை வைத்தார். ஒரு பெடல் இல்லை, வரிசையாக. ஓவர்லாக் மிஷின் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதிப்பார்கள், செருப்போடு மிதித்தால் பெடலின் ஆழம் காலுக்குத் தெரியாது. ரோபோ இல்லை, ஏனுங்க, கால். மனுசக் கால். அந்தக் காலைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மயக்க மருந்து ஏறியது. அப்புறம் எதுவும் இல்லை.

"பயமே கிடையாதுங்க அவளுக்கு," என்கிறார் இவர். "ஒரு சொட்டுக் கண்ணீரு? ம்ஹூம். கட்டிட்டு வந்த நாள்ல இருந்து பாக்கறேன், பயம்ங்கறதே அவ ரத்தத்துல இல்லைங்க." ரத்தத்தில் இல்லையாம். தாராபுரத்துக்காரர், "அப்பிடிங்களா" என்கிறார், எப்போது விடுவான் இவன் என்கிற அப்பிடிங்களா. எதிர்க் கட்டில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடிக்கிறார். பிரௌன் செருப்பு ஆடுகிறது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறுகிறது. யாருக்குங்க பயம் கிடையாது. யாரைக் கேட்டுச் சொன்னீங்க. என்றைக்காவது திரும்பி என் முகத்தைப் பார்த்து, பயமா இருக்கா துளசி என்று கேட்டீங்களா. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். வாய் நிறைந்துவிட்டது. காகிதத்தை எடுத்துத் துப்பினேன். பார்த்தேன். நூல் இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. சிவப்பு, பளிச்சென்று, ஓரத்தில் ஊறிப் பரவிக்கொண்டே இருந்தது. என் கை அதையும் மடிக்கப் போனது. நாலாக. மடித்துவிட்டது. சே, என்ன கை இது. தலையணையைத் தூக்கியும்விட்டது. அங்கே முதல் காகிதம் இருந்தது. இரண்டையும் அடுக்கி வைக்கப் போகிறேனா, மூன்றாவது வரும்போது கிடைக்குமா மூச்சு, கத்தினால் யாருக்குப் புரியும், இந்தப் பணியார நாக்கோடு. பெட்பேன் கொண்டு வருவார்கள். பெட்பேனைப் பிடித்துக்கொண்டே செத்துப்போவேன். அந்த நினைப்பில் சிரிப்பு வந்தது, சிரிப்பு தொண்டையில் ஊசி மாதிரி குத்தியது. மணியை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன்.

வெள்ளைச் செருப்பு ஓடி வந்தது, பிரின்ஸி சிஸ்டர். இரண்டு காகிதத்தையும் நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். பிறகு, "இது எப்பம்மா?" என்றாள் முதல் காகிதத்தைக் காட்டி. ஜன்னலைக் காட்டினேன், விடிஞ்சப்ப. "விடிஞ்சப்பவா? இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" இவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். என்ன சிஸ்டர், என்ன சிஸ்டர். "சார், நீங்க கீழ பார்மசிக்குப் போய் இதை வாங்கிட்டு வாங்க, சீக்கிரம்," என்று எதையோ கிறுக்கிக் கொடுத்து அவரைக் கிளப்பிவிட்டாள். உண்மையிலேயே வேண்டித்தான் அனுப்பினாளோ, ஆள் நகர்ந்தால் போதும் என்று அனுப்பினாளோ. என்னைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். எச்சிலை உறிஞ்சுகிற சக்ஷன் மிஷின் உறுமியது. அப்புறம் லேஸ் அவிழ்ந்த கறுப்பு ஷூ, அதன் பின்னாலேயே பச்சை ரப்பர் செருப்பு. பச்சையைப் பார்த்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தூக்கப் போகிறார்கள். மேல் மாடி. கசப்பு மருந்து. ஷெரின் பழையபடி குந்தி உட்கார்ந்தாள், அந்த மச்சம், "பேடிக்கண்டா, பயப்படாதீங்க சேச்சி. முதல்ல நோக்கலாம்," என்றாள். கையைக் கொடுத்தாள். கொடுத்த கையை நான் நெரித்தேன் போலிருக்கிறது, ஆவென்றாள், எடுக்கவில்லை.

சம்பத் மெல்லிசுக் குழாய் கேமராவை இன்னொரு மூக்குத் துளையில் விட்டார். நான் தரையைப் பார்த்தேன். டைல்ஸில் ஒரு கீறல், கட்டில் சக்கரம் இழுத்தது. அந்தக் கீறல் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அது அவர் ஷூவுக்கு அடியில் போய்விட்டது. ஷூ நகரவே இல்லை. ஏன் நகரவில்லை. என்ன பார்க்கிறார் அவ்வளவு நேரம். மகளுக்கு என்ன சொல்வார்கள். சூப்பரா இருக்காடா என்று சொன்ன வாயால் இவர் என்ன சொல்வார். "ம்," என்றார் சம்பத். ம் என்றால் என்ன, நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா. "பொருக்கு ஒண்ணு ஓரத்துல பிச்சுக்கிட்டிருக்கு. அவ்வளவுதான். கசிவு நின்னுருச்சு. மேல போக வேண்டியதில்ல. ஆனா இன்னைக்கு முழுக்கப் பக்கத்துல ஆள் இருந்து பாத்துக்கணும் சிஸ்டர், அசையக் கூடாது." குழாயை உருவினார். "அம்மா, உங்க மேல எனக்குக் கோபம்." சொல்லுங்கள், என் வகிட்டிடம் சொல்லுங்கள். "துளி வந்தா சொல்லணும்னு சொன்னேனா இல்லையா? ஏன் ஒளிச்சு வெச்சீங்க?" பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் திறந்தது. "மறுவடி அந்தக் கொழாய்..." என்று ஆரம்பித்தேன், என்ன வந்ததோ எனக்கே புரியவில்லை. ஷெரினுக்குப் புரிந்தது. அவள் நிமிர்ந்து சம்பத்திடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அந்தக் கறுப்பு ஷூவும் மடங்கியது. சம்பத்தும் உட்கார்ந்தார், முழங்கால் சொடக்கு விட்டது. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன், நினைத்ததைவிடச் சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. "சரி. பயம் இருக்கும். அடுத்த தடவை பயத்தோடயே மணியை அடிங்க," என்றார். எழுந்து திரையை விலக்கப் போனவர், "ஆங், மறந்துட்டேன். உங்க ரிசல்ட் நேத்தே வந்துருச்சு. எடுத்த கட்டியோட ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, கேன்சர் மிச்சமில்ல. கழுத்துலயும் ஒண்ணும் பரவல. கரண்ட் வைக்க வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டு, பக்கத்து வார்டில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மறந்துட்டாராம். நேற்றே வந்ததாம். நேற்று முழுக்க நான் இங்கே உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், கரண்ட் என்றால் அந்த இரும்புப் பலகை, அந்த நெற்றியை அமுக்கின கை, ஓரத்தில் ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அந்தப் பலகைதான் என்று. அது அவர் பையிலோ மேசையிலோ கிடந்திருக்கிறது. கோபம் வர வேண்டும். வருகிறது, வந்துகொண்டிருக்கும்போதே கரைகிறது, பிடிக்க முடியவில்லை. ஓரமெல்லாம் சுத்தம். ஓரமெல்லாம் சுத்தம். இதற்கு நடுவில் அந்த ரூபிணி வேறு ஸ்பூனும் கிண்ணமுமாக வந்து நின்றாள். பிரின்ஸி, "இன்னைக்கு வேண்டாம், ரத்தம் பாத்தோம்," என்றாள். கிண்ணத்தில் தண்ணீர் ஆடுவது தெரிந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கே பாவமாகிவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம்மா. உங்களுக்கு ஈசியாத்தான் இருக்கும். எல்லாருக்கும் தாடையை நெஞ்சோட சேர்த்து வெச்சு விழுங்கக் கத்துக் கொடுக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆகும், அப்பத்தான் தண்ணி மூச்சுக் குழாய்க்குள்ள போகாது. நீங்க ஏற்கெனவே அப்படித்தானே இருக்கீங்க." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று 'ஐயோ' என்றாள். தப்பில்லை கண்ணு. இருபத்தைந்து வருசமாக இந்தக் கழுத்தைப் பார்த்து ஒருத்தர் நல்லவிதமாகச் சொன்ன முதல் வார்த்தை. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டுதானே போகிறாய்.

பிரௌன் செருப்பு. ஓடி வருகிற சத்தம், வலது கால் இழுத்து. லிப்ட்டுக்கு நிற்காமல் படியேறியிருக்கிறார், மூச்சு வாங்குகிறது. பார்மசிப் பையை மெத்தை மேல் போட்டார். "என்னாச்சு? சிஸ்டர், என்னாச்சு? மேல கொண்டு போறாங்களா?" பிரின்ஸி ஒன்றுமில்லை, நின்றுவிட்டது என்று ரத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். மற்றது அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ, டாக்டரே சொல்லட்டும் என்று விட்டாளோ. அவருக்குத் தெரியாது. இந்த உலகத்தில் இப்போது எனக்குத்தான் தெரியும், இவருக்குத் தெரியாது, எதிர்க் கட்டில் முதல் தாராபுரம் வரைக்கும் பேசுகிற மனுசனுக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தார். அவருடைய இரண்டு கையும் தொடை மேல் கிடந்தது. விரல் பார்மசிச் சீட்டை நாலாக, எட்டாக மடிப்பதைப் பார்த்தேன், அது என் கண் மட்டத்தில்தான் இருந்தது. அவிநாசி ரோட்டில் பச்சை விழுந்தபோது ஹேண்டில்பாரில் இருந்த அதே விரல்தானா, அன்றைக்கு நான் பின்னால் உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தேன். கள்ளுக்கடைக் குரல் வரட்டும். "ஓரமெல்லா... சுத்தமாமுங்க," என்றேன். கொழகொழவென்று வந்தது, ச என்பது ஷ என்று போய், ர என்பது எங்கேயோ தொலைந்து. எச்சில் உதட்டோரம் வழிந்தது, துடைத்துக்கொண்டேன், வெள்ளைதான். "என்ன?" என்றார் அவர். "ரிசல்ட்டு வந்துருச்சு. சுத்தம்." "என்ன சாமி?" இந்த மனுசனுக்குக் காது என்ன ஆயிற்று. நாக்கைத் தூக்க முடிகிற மட்டும் தூக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்து எடுத்து, வலிக்க வலிக்க, பிள்ளைகளுக்குப் பீஸ் ரேட் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஒண்ணும் இல்லையாம். கரண்ட்டும் வேண்டாமாம்." எதிர்க் கட்டிலில் தாராபுரத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார், அவருக்கே புரிந்துவிட்டது, இவர் இன்னும், "என்ன?" என்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. "செவுடா? எத்தனை தடவைங்க சொல்றது?" என்றேன், அது தெளிவாகவே வந்தது. அப்போது ஸ்டூல் கிறீச்சிட்டது, பிரௌன் செருப்பு இரண்டும் கழன்று ஓரமாகக் கிடந்தன, இவர் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் கையை ஊன்றிக் கீழேயிருந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் ஈரம்.

"மொதத் தடவையே கேட்டுச்சு துளசி," என்றார். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.